உறுமல் டப்பாவுக்கு ஒன்பது வோல்ட்

பவானி
17-1-1995

அன்புள்ள புவனா,

இந்தக் கடிதத்தைச் சாஜிதா அக்கா முகவரிக்கு அனுப்புகிறேன். நம் வீட்டுக்கு எழுதினால் நைனா கைக்குப் போய்விடும். நீ தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போகும்போது உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி, அக்காவுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நாலு தாள் கிழித்துப் போட்டேன். ‘அம்மா எப்படி இருக்கிறாள்’ என்ற வரிக்கு மேல் பேனா நகரவில்லை. அதனால் காரியத்தை எழுதிவிடுகிறேன்.

லட்சுமிநாராயணன் சாரின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பாடும் தாஜுன்னிசா அக்கா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். மேடையில் என் காலடியில் மூன்று பெடல்கள், மிதித்தால் கிடாரின் சத்தத்தை மாற்றுபவை. கோரஸ், கம்ப்ரசர் இரண்டும் சாருடையவை, சிங்கப்பூரிலிருந்து வந்தவை. மூன்றாவது, நைனா எனக்குச் செய்து கொடுத்த உறுமல் டப்பா. அதை மிதித்தால் பேஸ் கரகரவென்று உறுமும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றும் ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. பாதிக் கச்சேரியில் பேட்டரி இறங்கிச் சத்தம் தேய்ந்துபோகிறது. பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டில் ஓட்ட ஈரோட்டில் ஒரு எலிமினேட்டர் வாங்கினேன், குமிழைத் திருப்பி வோல்ட்டை மாற்றும் வகை. அதைக் கோரஸில் மாட்டினால் விளக்கே எரியவில்லை. பெடலில் சொருகும் முள்ளைத் திருப்பி மாட்டிய பிறகு எரிந்தது. ஆனால் ஸ்பீக்கர் முழுக்க ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல்.

நேற்றுச் சோமனூரில் சார் மைக்கைப் பொத்திக்கொண்டு, “ஏனுங் அம்மணி, பாட்டு வாசிக்கறீங்களா, தறி ஓட்டறீங்களா? தறிச் சத்தம் கேக்கோணும்னா இந்த ஊர்ல ஊட்டுக்கு ஊடு இருக்குதுங்க” என்றார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது.

அவர் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருக்கிறார். இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாமாம். “மாசி முடியற வரைக்கும் பாக்கறேன். சத்தம் சுத்தமாகலீன்னா பங்குனியில இருந்து நானே வாசிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். பங்குனி, சித்திரையில்தான் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக வரும். இந்த இடம் போனால் எனக்குப் போக வேறு இடமில்லை.

நைனாவின் ரேடியோ கடையில் இப்போது நீதான் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறாய் என்று சாஜிதா அக்கா எழுதியிருந்தார். மூன்று பெடலுக்கும் சேர்த்து ஒரு பவர் பெட்டி செய்து தருவாயா? நைனாவுக்குத் தெரிய வேண்டாம்.

பங்காரு


கணபதி, கோவை
25-1-1995

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ எழுதாமல் விட்ட வரிக்குப் பதில் அது.

நீ போன அன்று நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நைனா அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள். யாராவது சொல்லியாக வேண்டுமே என்று என்னை அனுப்பினார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்லக்கூட வாய் வராதவள் நான். “அக்கா இல்லீங்க” என்றேன். அந்த வீட்டுப் பெரியம்மா, “இந்தப் புள்ளையாவது இருக்குமா, இல்ல இதும் பொட்டியக் கட்டி வெச்சிருக்குதா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிக்கவில்லை. “ஒண்ணு போனது போதும்” என்றாள் அம்மா. நான் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவள் ஆனது அப்படித்தான்.

இனி உன் காரியம். கடையில் விற்கும் எலிமினேட்டர் ரேடியோவுக்குப் போதும். ஒன்பது என்று போட்டிருந்தாலும் சும்மா அளந்தால் பதின்மூன்று காட்டும், சுமை ஏறினால் இறங்கிவிடும். மின்சாரத்தைச் சமப்படுத்த உள்ளே ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான் இருக்கும். உன் இரைச்சல் அதிலிருந்து வருகிறது. உனக்கு வேண்டியது ஒன்பதில் அசையாமல் நிற்கும் ரெகுலேட்டர் வைத்த பெட்டி.

ஒவ்வொரு பெடலிலும் முள் சொருகும் துளைக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் வரைந்திருக்கும். நடுப்புள்ளிக்குப் பிளஸ் போட்டிருக்கிறதா, மைனஸா என்று பார்த்து எழுது. எத்தனை மில்லி ஆம்பியர் என்று இருந்தால் அதையும் எழுது. இங்கே ரேடியோவுக்கு வரும் முள்ளில் நடுவில் பிளஸ். வெளிநாட்டுப் பெடலில் பெரும்பாலும் மாற்றி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தெரியாமல் திருப்பித் திருப்பி மாட்டாதே. கோரஸ் அன்றைக்கே போயிருக்கும்.

நீங்கள் போகும் ஊர்களில் கரண்ட் எப்படி இருக்கிறது என்பதும் வேண்டும். செய்கிறேனா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

புவனா


பவானி
2-2-1995

அன்புள்ள புவனா,

உன்னைப் பள்ளியை விட்டு நிறுத்தியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா என்று நீ கேட்பாய். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பொய் எழுத மனம் வரவில்லை. வீட்டுக்குள் வாசிக்கலாம், மேடையில் கூடாது என்றார் நைனா. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் கூடாது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

நீ கேட்டவை: கோரஸ், கம்ப்ரசர் இரண்டிலும் வட்டத்தின் நடுவில் மைனஸ். ஒன்றில் பதினைந்து மில்லி ஆம்பியர், மற்றதில் பத்து. உறுமல் டப்பாவில் எதுவும் எழுதவில்லை. நைனா பின்னால் ஒரு துளை போட்டு முள் சொருக வழி வைத்தார், நினைவிருக்கிறதா? அதை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. அடித்தட்டைத் தார் ஊற்றி அடைத்திருக்கிறார். திறந்தால் உடைந்துவிடுமோ என்று பயம்.

கரண்ட் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரம் மேடை பல்பு பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். ஜெனரேட்டர் போட்டால் அதே பல்பு கண்ணைக் கூசும்.

செய்து தருகிறேன் என்று ஒரு வரி எழுது.

பங்காரு


கணபதி
18-2-1995

அக்கா,

பெட்டி முடிந்தது. நாளைக் காலை காந்திபுரத்தில் சேலம் பஸ் கண்டக்டரிடம் சாஜிதா அக்காவின் வீட்டுக்காரர் கொடுப்பார். மதியத்துக்குள் பவானியில் இறங்கும். பஸ் ஸ்டாண்டில் எடுத்து வைத்திருப்பார்கள், கடிதம் கிடைத்ததும் நீயே போய் வாங்கு.

உனக்குக் கோபம் வராவிட்டால் ஒன்று சொல்கிறேன். இந்த இரண்டு வாரமும் எனக்கு நன்றாக இருந்தது. நைனா வெளியே போகும் நேரம் பார்த்துச் சுற்றினேன். ஒன்பது வோல்ட்தானே என்று பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்பார்மரில்தான் ஆரம்பித்தேன். கரண்டைக் குறைத்துப் பார்க்கும் டிம்மரில் வைத்து நூற்றறுபது வோல்ட்டுக்கு இறக்கினேன், உன் பூசணிப்பூ நிறத்துக்கு. ஒன்பது நிற்காமல் ஆடியது. பிரித்துவிட்டுப் பதினைந்து வோல்ட் வருமாறு மறுபடி சுற்றினேன். இப்போது நூற்றறுபதிலும் ஒன்பது, ஜெனரேட்டரின் இருநூற்றறுபதிலும் ஒன்பது. ரெகுலேட்டர் சூடாகும், அதனால் அலுமினியத் தகட்டில் முறுக்கியிருக்கிறேன். பெட்டியைத் துணி போட்டு மூடாதே.

மூன்று பெடலும் சேர்ந்து ஐம்பது மில்லி ஆம்பியரைத் தாண்டாது. நான் ஐந்நூறுக்குச் செய்திருக்கிறேன். அதிகம் கொடுக்கக்கூடிய பெட்டியால் பெடலுக்குக் கெடுதல் இல்லை. வேண்டியதை மட்டும்தான் அது இழுத்துக்கொள்ளும். வோல்ட்டும் பிளஸ் மைனஸும்தான் தப்பக்கூடாது.

மூன்று ஒயர் வெளியே வரும். மூன்றிலும் நடுவில் மைனஸ். உறுமல் டப்பாவைப் பார்க்காமல்தான் செய்தேன். மற்றவை போலத்தான் இருக்கும்.

புவனா


பவானி
27-2-1995

புவனா,

அந்தியூர்ப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. முதல் பாதியில் கோரஸையும் கம்ப்ரசரையும் உன் பெட்டியில் ஓட்டினேன். உறுமல் டப்பாவில் பேட்டரியே இருந்தது. இரைச்சல் துளிகூட இல்லை. சார் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு உறுமல் பாட்டு. மூன்றாவது ஒயரை டப்பாவில் சொருகினேன். மூன்று பெடல் விளக்கும் அணைந்தன. பாட்டு ஆரம்பித்துவிட்டதால் ஒயரைப் பிடுங்கத் தோன்றவில்லை. விளக்கு வரும், வரும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். பெட்டியிலிருந்து புகை. முன்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருத்தன், “ஆத்தாளுக்குச் சாம்பிராணி போடறாங்கடோய்!” என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. சார் இடது கையால் பேஸை வாசித்துப் பாட்டை முடித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயம்.

பெடல்கள் தப்பித்தன. நான் தப்பிக்கவில்லை. பங்குனி பத்தொன்பதாம் தேதி... இல்லை, மார்ச் பத்தொன்பதாம் தேதி, அம்மன் கோயில் திருவிழா தொடங்கும் பூச்சாட்டுக்கு ஒரு கச்சேரி தருகிறார். அதில் சரியாக இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். இதைக் கோபத்தில் செய்தாயா? அல்லது நைனா கண்டுபிடித்து ஏதாவது செய்யச் சொன்னாரா? பெட்டியை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன்.

பங்காரு


கணபதி
6-3-1995

அக்கா,

கோபம் உன் மேல்தான். பெட்டி என்ன செய்தது? நைனாவுக்கு எதுவும் தெரியாது. அவர் தெரிந்து ஒரு பொருளைக் கெடுத்துக் கொடுப்பார் என்று நீ நினைத்ததை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் கருகியிருக்கிறது. யாரோ பிளஸையும் மைனஸையும் நேராக முடிச்சுப் போட்ட மாதிரி. ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டேன், எங்கும் உரசல் இல்லை.

என் தப்பு ஒன்று இருக்கிறது. ஃப்யூஸ் வைக்கவில்லை. பெட்டியில் இடம் போதவில்லை, பார்சலுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டேன். வைத்திருந்தால் ஃப்யூஸ் மட்டும் போயிருக்கும். ஜனங்கள் முன்னால் புகை வந்தது அதனால்தான். அதற்கு என்னைத் திட்டு.

ஆனால் முடிச்சு எங்கே விழுந்தது என்பது உறுமல் டப்பாவுக்குள் இருக்கிறது. அதைத் தார் ஊற்றி மூடியவருக்குத்தான் தெரியும். நானாக யோசித்து இன்னொரு பெட்டி செய்தால் அதுவும் மேடையில் புகையலாம். இன்னும் பதின்மூன்று நாள்தான். நைனாவிடம் கேட்கப் போகிறேன். கேட்டால் கடிதங்களும் வெளியே வரும். வேறு வழி தெரியவில்லை.

புவனா


பவானி
9-3-1995

கேட்காதே. இடம் போனால் போகட்டும். அவரிடம் கேட்டு வாசித்ததாக இருக்க வேண்டாம். என்னால் உனக்குப் பள்ளிக்கூடம் போனது போதாதா? கடையையும் விட்டு நிறுத்தினால் நீ என்ன செய்வாய்? பேட்டரியே வாங்கிக்கொள்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டதை மன்னித்துவிடு.

பங்காரு


கணபதி
13-3-1995

அக்கா,

உன் கார்டு இன்று காலை வந்தது. நான் சனிக்கிழமையே கேட்டுவிட்டேன்.

மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். கருகின பெட்டியை நைனாவின் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகர்ந்தார்.

“ஆரு சுத்துனது?”

“நாந்தானுங் நைனா.”

“சுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆரோடது?”

சொன்னேன். அக்காவோடது, உறுமல் டப்பாவையும் சேர்த்து மாட்டினாள், புகைந்துவிட்டது என்று. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாளா எழுதிக்கறீங்க?”

“தை மாசத்துல இருந்துங்க.”

“அப்பவே கேட்டிருந்தீன்னா ஒரு டிரான்ஸ்பார்மர் மிச்சம், கண்ணு.”

அவ்வளவுதான். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

பிறகு சொன்னார். “அந்த டப்பாவுல தகரத்துக்குப் பிளஸ்ஸக் குடுத்திருக்கறேன். நான் தொழில் பழகுன காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவெல்லாம் அப்பிடித்தான். கை அதுக்கே போவுது. இதுலயும் அப்பிடியே பண்ணிப்போட்டேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் பெடல்களின் தகர உடம்பெல்லாம் கிடார் ஒயர் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். சிங்கப்பூர்ப் பெடல்களில் தகரத்தில் மைனஸ். நைனா டப்பாவில் தகரத்தில் பிளஸ். தனித்தனிப் பேட்டரியில் ஓடியவரை ஒன்றுமில்லை. மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கொடுத்ததும் பிளஸும் மைனஸும் முட்டிக்கொண்டன. மூன்றும் ஒன்றுபோல் இருக்கும் என்று நான் கேட்காமல் விட்டதால் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “மேடையில ஜனம் பாக்கவா பொகஞ்சுது?” என்றார்.

“ஆமாங்க.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்களாமாங்க.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “அப்ப அது உன்ற தப்புமில்ல, அவ தப்புமில்ல. என்ற தப்பு. அப்பிடியே எழுதிப்போடு” என்றார். நான் ஃப்யூஸ் விஷயத்தைச் சொன்னேன். “அது உன்ற தப்புத்தான்” என்றார்.

புதுப் பெட்டியை நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் செய்தோம். உறுமல் டப்பாவுக்குத் தனிச் சுற்று, தனி ரெகுலேட்டர். அந்தச் சுற்றை அவரே சுற்றினார். ஒன்றின் ஒயர் இன்னொன்றை எங்கும் தொடாது. அவருடைய பழைய சாமானிலிருந்து தகரத்தில் பிளஸ் கொடுத்த ஒரு ரேடியோவை எடுத்து, இன்னொரு ரேடியோவின் தகரத்தோடு கம்பி போட்டுச் சேர்த்து, இரண்டையும் பெட்டியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பெட்டி சில்லென்று இருந்தது. சிவப்பு டேப் சுற்றிய ஒயர் டப்பாவுக்கு மட்டும். மறந்தும் மற்றவற்றில் மாட்டாதே. ஃப்யூஸ் வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது, உதிரியாக நாலு வைத்திருக்கிறேன்.

இன்று மாலை சேலம் பஸ் கண்டக்டரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். புறப்படும்போது, “ஊட்டுக்கு வான்னு கீது எழுதிப்போடாத” என்றார். சொன்னதை எழுதிவிட்டேன். அவர் இப்படிச் சொன்னார் என்பதை எழுதாதே என்று சொல்லவில்லை.

என்னைக் கடையிலிருந்து நிறுத்தவில்லை.

புவனா


பவானி
20-3-1995

அன்புள்ள புவனா,

நேற்றுப் பூச்சாட்டுக் கச்சேரி. மோட்டார் ஓடும் நேரம், பல்பு சிவந்துவிட்டது. சார் கீபோர்டில் பேஸ் சத்தத்தைத் தயாராக எடுத்து வைத்து, இடது கையைக் கட்டைகள்மேல் வைத்திருந்தார். நான் பார்க்க வேண்டும் என்றே வைத்திருந்தார்.

உறுமல் பாட்டு வந்தது. சிவப்பு டேப் ஒயரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மிதித்தேன். உறுமியது. நான் வாசிப்பை நிறுத்தும் இடங்களில் முழு அமைதி, மேடைக்குக் கீழே ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் சார் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அது மடியிலேயே இருந்தது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “சித்திரை வரைக்கும் தேதியெல்லாம் குறிச்சுக்குங்க அம்மணி. ஆமா, இதை ஆரு செஞ்சது?” என்றார்.

“எங்க நைனாவும் தங்கச்சியும் செஞ்சதுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்கப்பா எறந்துட்டாருன்னல்ல சேரும்போது சொன்னீங்க?”

தாஜுன்னிசா அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடமும் நான் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் அதைச் சொல்லித்தான் சாப்பிட்டேன்.

“சொன்னேனுங்க. பொய்யுங்க. இருக்காருங்க” என்றேன்.

வேனில் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இன்று காலையும் பேசவில்லை. பேசுவாரா, அறையைக் காலி செய்யச் சொல்வாரா, தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நைனாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் இறந்துவிட்டதாக நான் சொல்லியிருந்த இடத்தை விட்டுவிட்டு வாசிக்காதே.

பங்காரு